மே, ஜூன், ஆகஸ்ட், செப்டெம்பர்: தீனி வைத்துக் கரடி வேட்டைக்கு எந்த வானிலையை நம்பி லீவு போடுவது?

கனடாவின் வட ஒன்ராறியோவில் பரலில் (பெரிய பீப்பாயில்) தீனி வைத்துக் கருங்கரடி வேட்டைக்குப் போகிற பலருக்கு வருடத்தில் ஒரு கிழமைதான் லீவு கையில் இருக்கும். அதை எப்போது எடுப்பது என்று கேட்டால் "குளிரான நாளாகப் பார்த்துப் போ" என்பதுதான் வழக்கமாகக் கிடைக்கும் பதில். அது பாதிதான் சரி. இந்த வேட்டையில் வானிலை மூன்று தடவை கணக்கில் வருகிறது. இரண்டு மாதத்துக்கு முன்னர் பூவில் விழுந்த உறைபனி ஒன்று. மரத்தில் கட்டிய பரணில் இருக்கும் பின்னேரத்துக் காற்று இன்னொன்று. சுட்ட பிறகு வரும் இரவின் வெப்பம் மூன்றாவது. மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் நான்கு மாதங்களும் நான்கு வேறு வேட்டைகள்.

காலக்கெடுவை முதலில் சொல்லிவிடலாம். ஒன்ராறியோ 1999இல் வசந்தகால வேட்டையை நிறுத்தியது, 2014இல் சில பகுதிகளில் பரீட்சார்த்தமாகத் திறந்தது, 2021இல் நிரந்தரமாக்கியது. பெரும்பாலான வேட்டைப் பிரிவுகளில் வசந்தகாலம் மே 1 முதல் ஜூன் 15 வரை. இலையுதிர் காலம் பல வடக்குப் பிரிவுகளில் ஆகஸ்ட் 15இல் தொடங்கும். தங்கள் பிரிவின் திகதியை அந்த வருடத்து விதிமுறைச் சுருக்கத்தில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

## எதை வைத்து எடைபோடுவது

முதலாவது, வெளிச்சம் இருக்கும்போதே கரடி வருமா என்பது. சூரியன் மறைந்து அரை மணி நேரத்துக்குப் பிறகு சுட முடியாது. ஆகவே இரவு 11 மணிக்குப் பரலருகே கட்டிய கமெராவில் விழும் பெரிய ஆண் கரடியால் பயனில்லை.

இரண்டாவது, காட்டில் அதற்கு வேறு சாப்பாடு எவ்வளவு இருக்கிறது என்பது. மூன்றாவது, வைத்த தீனி எத்தனை நாள் தாங்கும், அதன் மணம் எவ்வளவு தூரம் போகும் என்பது. நான்காவது, நான்கு மணி நேரம் அசையாமல் இருக்க உடம்பும் பூச்சிகளும் விடுமா என்பது. கடைசியாக, இறைச்சியும் தோலும். ஒன்ராறியோவின் 1997ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி, உண்ணத்தக்க வேட்டை இறைச்சியைக் கெட விடுவது குற்றம். அதனால் வெப்பநிலை சட்டப் பிரச்சினையாகவும் மாறலாம்.

## மே நடுப்பகுதி முதல் மே கடைசி வரை

ஆண் கரடிகள் ஏப்ரல் நடுப்பகுதியிலிருந்து குகையை விட்டு வெளியே வரும். குட்டியோடு இருக்கும் தாய்கள் பின்னால் வரும். வந்ததும் வயிறு பற்றி எரியும் என்று நினைப்பது தவறு. முதல் இரண்டு, மூன்று கிழமைகளுக்கு உடம்பு இன்னும் உறக்கத்தின் மெதுவோட்டத்தில் இருப்பதால் அவை குறைவாகத்தான் சாப்பிடும். பனி பிந்தி உருகிய வருடத்தில் மே முதல் கிழமையில் 100 கிலோ தீனி கொண்டுபோய்க் கொட்டியவருக்குக் காகங்கள்தான் நன்றி சொல்லும்.

பொப்லர் மரம் துளிர்க்கத் தொடங்கும் நாட்களில் நிலைமை மாறும். அப்போது காட்டில் புல், டன்டலியன், துளிர் தவிர வேறெதுவும் இல்லை. கொழுப்புக்கும் சர்க்கரைக்கும் பரலோடு போட்டி போட ஒன்றுமே கிடையாது. பகலில் 10 முதல் 18 பாகை செல்சியஸ், இரவில் பூச்சியத்தை ஒட்டிய குளிர் என்றால் கரடி பின்னேரம் 6 மணிக்கே நடமாடும். வட ஒன்ராறியோ நகரான ரிமின்ஸ் பக்கம் மே கடைசியில் சூரியன் 9 மணியளவில்தான் மறைகிறது. சுடக்கூடிய வெளிச்சம் அதற்குப் பிறகும் அரை மணி நேரம் உண்டு.

குளிர் தீனிக்கு நல்லது, மணத்துக்குக் கெட்டது. இறைச்சியும், தீனியாக வைக்கும் பீவர் என்ற விலங்கின் உடலும் பல நாள் தாங்கும். ஆனால் பரலைச் சுற்றி ஊற்றிய பொரித்த எண்ணெயும் கொழுப்பும் உறைந்துவிடும், மணம் எழும்பாது. அதற்கு வழி, குளிரிலும் ஆவியாகும் மணங்கள்: சோம்பு எண்ணெய், லிக்விட் ஸ்மோக் என்ற புகைமணத் திரவம், சிறிய அடுப்பில் ஒரு தகரத்தில் தேனைக் கருக விடுவது. தேனைக் கருக்கும்போது அடுப்புக்குக் கீழே வெறும் மண் தெரியும்வரை சருகை ஒதுக்க வேண்டும். வசந்தகாலத்தில் பச்சை வருவதற்கு முன்னான காய்ந்த புல்தான் காட்டுத்தீயின் முதல் விறகு. தீத் தடை அறிவித்த நாட்களில் இந்த வேலையே கூடாது.

மறைந்த செலவு பாதையில் இருக்கிறது. பனி உருகிய காட்டுப் பாதைகள் சேறாக இருக்கும். பொது வாகனப் பாதையிலிருந்தும் குறியிட்ட நடைபாதையிலிருந்தும் 200 மீற்றருக்குள் தீனி வைக்க முடியாது. எழுத்து அனுமதி இல்லாமல் வீடுகளிலிருந்து 500 மீற்றருக்குள்ளும் வைக்க முடியாது. அதனால் 20 லீற்றர் வாளிகளைச் சேற்றில் தூக்கிச் சுமக்க வேண்டிவரும். குட்டியோடு வரும் தாயைச் சுடுவது வசந்தகாலத்தில் சட்டவிரோதம். குட்டி பின்னால் மரத்தில் இருக்கலாம் என்பதால், தனியாகத் தெரியும் கரடியையும் பல நிமிடம் பார்த்துக்கொண்டிருக்கும் பொறுமை வேண்டும்.

தோலுக்கு இதுவே சிறந்த காலம். இறைச்சிக்கும் இரவுக் குளிர் துணை நிற்கும்.

## ஜூன் 1 முதல் 15 வரை

இது இனச்சேர்க்கைக் காலம். ஆண் கரடிகள் சாப்பாட்டை விட்டுப் பெண் கரடிகளின் மணத்தைத் தேடி நீண்ட தூரம் அலையும். 28 பாகை வெயிலில் மத்தியானம் 3 மணிக்குப் பெரிய ஆண் வந்து நிற்கக்கூடிய ஒரே காலம் இது. அதேநேரம் நேற்றுவரை ஒழுங்காக வந்த கரடி மூன்று நாள் காணாமல் போவதும் இப்போதுதான். வெப்பநிலையைப் பார்த்து நாளைத் தேர்வதில் இங்கே பெரிய லாபமில்லை. பரலுக்குப் பெண் கரடி ஒன்று தொடர்ந்து வருகிறதா என்று கமெராவில் பார்ப்பது அதைவிடப் பயன் தரும்.

இந்தக் கிழமைகளின் உண்மையான விலை பூச்சிதான். கறுப்பு ஈ பகலெல்லாம் கடிக்கும், இருட்டியதும் அடங்கும். அது அடங்கும் நேரத்தில் நுளம்பு வரும். காற்றில்லாத, ஈரப்பதமான பின்னேரத்தில் முகவலை இல்லாமல் அசையாதிருக்க எவராலும் முடியாது. தெர்மாசெல் போன்ற வெப்ப விரட்டிகள் காற்றில்லாதபோது நன்றாக வேலை செய்யும். காற்று வீசினால் பயன் குறையும், ஆனால் அப்போது கறுப்பு ஈயும் குறைந்துவிடும்.

மரத்தில் உரசி உரசித் தோலில் முடி உதிர்ந்த திட்டுகள் தெரியத் தொடங்கும். தோல் வேண்டுமென்றால் ஜூனை விட்டுவிடுங்கள்.

## ஆகஸ்ட் 15 முதல் மாதக் கடைசி வரை

அதிகம் பேர் லீவு எடுப்பதும், அதிகம் பேர் ஏமாறுவதும் இந்தக் காலத்தில்தான். வானிலை அறிக்கையில் அடுத்த ஐந்து நாளைப் பார்த்து முடிவெடுப்பதுதான் காரணம். பார்க்க வேண்டியது ஜூனின் வானிலை.

வட ஒன்ராறியோவில் கரடியின் கோடைகால உணவில் முக்கியமானது புளூபெரி. மே கடைசியிலும் ஜூனிலும் அது பூக்கிறது. பூ விரிந்திருக்கும் இரவுகளில் வெப்பநிலை பூச்சியத்துக்குக் கீழே போய் உறைபனி விழுந்தால் காய் பிடிக்காது. பூக்காலம் முழுக்கக் குளிர் மழை பெய்தால் தேனீ பறக்காது, அப்போதும் காய் குறையும். இரண்டையும் தாண்டினாலும் ஜூலையில் மழையில்லாவிட்டால், பாறைமேல் மெல்லிய மண்ணில் வளரும் செடியில் பழம் பருக்காமல் சுருங்கிப் போகும்.

பழம் நன்றாகக் காய்த்த வருடத்தில் கரடி பாறைச்சரிவையும் வெட்டிய காட்டையும் விட்டு வராது. நீங்கள் தீனியாக வைத்த டோனட்டை இரவில் வந்து ருசி பார்த்துவிட்டுப் போகும். பழம் பொய்த்த வருடத்தில் அதே பரலுக்கு நான்கைந்து கரடிகள் முறை வைத்து வரும், வெயிலையும் பொருட்படுத்தாது. குளிர்கால உறக்கத்துக்கு முன் ஒரு நாளைக்கு 15,000 முதல் 20,000 கலோரி வரை தின்று சேர்க்கத் தொடங்கும் காலமாதலால் அவற்றுக்கு வேறு வழியில்லை. அமெரிக்காவின் மேய்ன் மாநிலத்திலும் காட்டு உணவு குறைந்த வருடங்களில்தான் தீனி வைத்துச் சுடப்படும் கரடிகளின் எண்ணிக்கை ஏறுகிறது.

ஆகவே ஆகஸ்ட் லீவை ஜனவரியில் எழுதிக் கொடுக்காதீர்கள். ஜூலை கடைசியில் வேட்டையிடத்தைச் சுற்றியுள்ள மூன்று, நான்கு பழப் பற்றைகளைக் கண்ணால் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

வெயில் நாளின் கணக்கு இப்படி. அடர்ந்த முடியும் ஏறத் தொடங்கிய கொழுப்பும் உள்ள கரடி 25 பாகைக்கு மேல் போனால் சதுப்பின் நிழலில் படுத்துவிடும். வெளிச்சத்தின் கடைசி அரை மணி நேரத்தில் வந்தால் உண்டு. தீனியும் பாடாய்ப்படும். இறைச்சி இரண்டு நாளில் புழுத்துவிடும், புதியதை விரும்பும் கரடி அழுகியதை ஒதுக்கும். பேக்கரிச் சாமான் பூஞ்சணம் பிடிக்கும். இனிப்புக்குக் குளவி மொய்க்கும். ஆகஸ்டில் சோளப்பொரி, ஓட்ஸ், உலர்ந்த தானியம்தான் தாங்கும். அதையும் ஒரே தடவையில் நிரப்பாமல் இரண்டு, மூன்று நாளுக்கு ஒருமுறை போடுவது நல்லது. வெயிலில் ஒரு லாபமும் இருக்கிறது. எண்ணெய் உருகி மண்ணில் ஊறிக்கிடக்க, அதை மிதித்த கரடி காலோடு காட்டுக்குள் கொண்டுபோகும், அந்தத் தடத்தில் அடுத்த கரடி வந்து சேரும்.

மலிவாகக் கிடைக்கும் சொக்லேட் கழிவைப் போடவே வேண்டாம். 2014இல் நியூ ஹாம்ப்ஷயரில் ஒரு தீனி இடத்தருகே 4 கரடிகள் அதிலுள்ள தியோபுரோமின் நஞ்சால் செத்துக் கிடந்தன.

## செப்டெம்பர் நடுப்பகுதிக்குப் பிறகு

வானிலையை மட்டும் பார்த்தால் இதுதான் முதலிடம். குளிர், பூச்சியில்லை, தடித்த தோல், கொழுத்த கரடி, இறைச்சி கெடாத இரவு. ஆனால் நாள் சுருங்குகிறது. ரிமின்ஸ் பக்கம் செப்டெம்பர் நடுவில் சூரியன் ஏழரை மணிக்கு மறைகிறது, மாதக் கடைசியில் 7 மணிக்கே. ஒரு மாதமாக மனித மணத்தோடு பழகிய கரடி இருட்டுக்காகக் காத்திருக்கக் கற்றுக்கொண்டிருக்கும். தெற்கே ஓக், பீச் மரங்கள் உள்ள பகுதிகளில் கொட்டை நன்றாக விழுந்த வருடத்தில் பரல் ஒரே இரவில் வெறிச்சோடும். வடக்கே கருவுற்ற பெண் கரடிகள் மற்றவற்றுக்கு முன்னரே குகை தேடிப் போய்விடும்.

காய்ந்த சருகில் கரடியின் காலடி கேட்கும் என்று எதிர்பார்ப்பவர்கள் ஏமாறுவார்கள். மெத்தென்ற பாதத்தோடு அது சத்தமில்லாமல் வந்து நிற்கும்.

## எந்த மாதமானாலும் காற்று

வெப்பம், மழை இரண்டுக்கும் கரடி ஓரளவு விட்டுக்கொடுக்கும். காற்றில் விட்டுக்கொடுக்காது. பரலுக்கு வருமுன் அது காற்று போகும் பக்கம் வட்டமடித்து மணம் பார்க்கும். நீங்களும் உங்கள் மணம் பரலுக்குப் போகாதபடி அதே பக்கத்தில்தான் பரண் கட்டியிருப்பீர்கள். அதாவது கரடி உங்கள் முதுகுக்குப் பின்னால் வந்து உங்களைத்தான் முதலில் முகரும்.

இதற்கு உருப்படியான வழி, காற்று போகும் பக்கத்தில் ஏரியோ திறந்த சதுப்போ இருக்கும் இடத்தில் பரலை வைப்பது. அந்தப் பக்கம் வட்டமடிக்கக் கரடிக்கு மறைவு இருக்காது. அப்படி இடம் கிடைக்காவிட்டால் காற்றுக்குக் குறுக்கே, பரலிலிருந்து வில்லுக்கு 15 முதல் 20 மீற்றர், றைபிளுக்கு 60 முதல் 90 மீற்றர் தள்ளிப் பரண் போடுங்கள்.

மேற்கிலிருந்தும் வடமேற்கிலிருந்தும் வரும் காற்றே இப்பகுதியில் வழக்கம் என்பதால் எல்லாரும் அதற்கேற்பத்தான் கட்டுவார்கள். மழைக்கு முந்திய நாள் கிழக்கு, தென்கிழக்குக் காற்று வரும்போது அந்தப் பரண் பயன்படாது. ஒரே பரலுக்கு இரண்டாவது பரண் கட்டுவது அரை நாள் வேலை. அது இல்லாவிட்டால் கிழக்குக் காற்று நாளில் போகாமலிருப்பதே மேல். ஒரு பின்னேரத்தை இழப்பது, பெரிய கரடிக்கு உங்கள் இடத்தைக் காட்டிக்கொடுப்பதைவிட மலிவு.

அறிக்கையில் காற்றில்லை என்று இருந்தாலும் காற்று நகரும். வெயில் சரிவை விட்டு இறங்கியதும் குளிர்ந்த காற்று பள்ளத்துக்கு வழியும். கரடி படுத்திருக்கும் ஸ்புரூஸ் மரச் சதுப்பு பெரும்பாலும் பள்ளத்தில்தான் இருக்கும். சதுப்புக்கு மேலே, சரிவில் நேராகப் பரண் கட்டியவரின் மணம் 7 மணிக்கு அங்கே போய்ச் சேர்ந்துவிடும். இதைச் சோதிக்கப் பவுடர் போத்தல் போதாது, இரண்டு மீற்றரில் அது மறைந்துவிடும். எருக்கின் குடும்பத்தைச் சேர்ந்த மில்க்வீட் செடியின் பஞ்சை ஒவ்வொரு இழையாக விட்டால் 50 மீற்றர் தூரம்வரை அது எங்கே இறங்குகிறது, எங்கே திரும்புகிறது என்று பார்க்கலாம். நீங்கள் இருக்கப்போகும் அதே நேரத்தில், பரணின் உயரத்திலிருந்தே விட வேண்டும்.

## கிழமைக்குள் எந்தப் பின்னேரம்

| பின்னேரத்தின் தன்மை | கரடி எப்படி வரும் | கவனிக்க வேண்டியது | போகலாமா |
|---|---|---|---|
| 25 பாகைக்கு மேல், காற்றில்லை | கடைசி அரை மணி நேரத்தில், அல்லது இரவில் | இறைச்சி கெடும், நுளம்பு | பழம் பொய்த்த வருடமென்றால் மட்டும் |
| குளிர்முகம் (வந்து நுழையும் குளிர்காற்றின் முன்விளிம்பு) கடந்த முதல் நாள், பலத்த வடமேற்குக் காற்று | தயங்கித் தயங்கி, சில வேளை வராது | மரம் ஆடும், குறி தவறும் | றைபிள் என்றால் பார்க்கலாம் |
| அதற்கு அடுத்த நாள், குளிர், இளங்காற்று | நேரத்தோடு | மாலையில் பள்ளத்துக்கு வழியும் காற்று | கட்டாயம் |
| தூறல், அல்லது மழை விட்ட உடன் | நன்றாக நடமாடும் | ஈரப் படி வழுக்கும், இரத்தத் தடம் மங்கும் | போகலாம் |
| கனமழை, இடி | வராது | மின்னல், உலோகப் பரண் | வேண்டாம் |

பலத்த காற்றில் கரடிக்கு மூக்கும் காதும் ஒன்றாகக் குழம்பும். அதுதான் தயக்கத்துக்குக் காரணம். வாயுவமுக்கமானியை வைத்து நாள் குறிக்கும் பழக்கமும் பலரிடம் உண்டு. குளிர்முகம் போனபின் அமுக்கம் ஏறுவதோடு வெப்பமும் இறங்குகிறது, அந்த வெப்ப இறக்கமே கரடி வருவதை விளக்கப் போதும். தனியாக ஒரு கருவி தேவையில்லை.

மழை நாளில் பரலையும் பாருங்கள். 45 கலன் பரலில் வெட்டிய 20 முதல் 25 சென்ரிமீற்றர் துளை மேல்நோக்கி இருந்தால் உள்ளே கஞ்சிதான் மிஞ்சும். துளை பக்கவாட்டில் இருக்க வேண்டும். அடியில் வடிய நான்கைந்து சிறு துளைகள் போட்டு, பரலைச் சங்கிலியால் மரத்தோடு கட்டுங்கள். தெளித்த வாசனைகள் மழையோடு போய்விடும், எண்ணெய் போகாது.

## சுட்ட பிறகு

வேட்டைக்கு நாள் பார்ப்பவர்கள் அதிகம் யோசிக்காத இடம் இது. கரடியின் கொழுப்பும் நீண்ட முடியும் காயத்தை அடைப்பதால் நல்ல குறியிலும் இரத்தம் குறைவாகவே சிந்தும். கனமழையில் அந்தக் கொஞ்சமும் கழுவப்பட்டுவிடும். அதனால் மழை வலுக்கும் அறிகுறி இருந்தால் வில்லால் எய்யக்கூடாது.

வெயிலில் சிக்கல் வேறு. கடைசி வெளிச்சத்தில் சுட்டுக் கரடி ஓடினால், சூரியன் மறைந்து அரை மணி நேரம் கழிந்தபின் ஏற்றிய துவக்கோடு தேடிப் போகச் சட்டம் விடாது. வெறுங்கையோடு காயம்பட்ட கரடியைத் தேடிப் போவதும் புத்தியல்ல. காலைவரை விட்டால், 5 பாகை இரவில் இறைச்சி பெரும்பாலும் தப்பும், 18 பாகை இரவில் தப்பாது. தோலும் கொழுப்பும் வெப்பத்தை உள்ளே பிடித்துவைப்பதால் தொடை எலும்பைச் சுற்றித்தான் முதலில் புளிக்கும், வயிற்றுப் பக்கம் முடி கழலத் தொடங்கும். ஆகவே வெப்பமான கிழமையில் கடைசி 10 நிமிடத்துக் குறியை, முழுக்க நிச்சயமில்லையென்றால், விட்டுவிட வேண்டும்.

உடனே கிடைத்த கரடியை இரண்டு மணி நேரத்துக்குள் தோலுரித்துத் துண்டாக்கி ஆற விடுங்கள். ஆகஸ்டில் 25 கிலோ ஐஸும் இரண்டு பெரிய குளிர்பெட்டிகளும் ட்ரக்கில் இருக்க வேண்டும். உருகும் நீர் இறைச்சியில் படாமல் பையில் கட்டுங்கள். கரடி இறைச்சியில் திரிக்கினெல்லா என்ற ஒட்டுண்ணிப் புழு இருக்கலாம். வடக்கிலுள்ள இனம் உறைகுளிரைத் தாங்கும் என்பதால் பிறீசரை நம்பக்கூடாது. உள்வெப்பம் 71 பாகை செல்சியஸ் வரும்வரை சமைக்க வேண்டும்.

## யாருக்கு எது

ஒரே ஒரு கிழமை, பழத்தைப் போய்ப் பார்க்க வசதியில்லை, இறைச்சியும் தோலும் வேண்டும் என்றால் மே கடைசிப் பத்து நாட்கள். நான்கு தெரிவுகளில் வருடத்துக்கு வருடம் ஆகக் குறைவாக ஏமாற்றுவது அதுதான். பனி பிந்திய வருடமென்றால் ஒரு கிழமை தள்ளுங்கள்.

பெரிய ஆண் கரடி மட்டுமே வேண்டும், தோலைப் பற்றிக் கவலையில்லை, பூச்சியைத் தாங்குவேன் என்பவருக்கு ஜூன். பிரிவுக்குப் பக்கத்தில் வசித்து, ஜூலையில் பழப் பற்றையைப் பார்த்து, பொய்த்திருந்தால் உடனே லீவு எடுக்க முடிந்தவருக்கு ஆகஸ்ட். அந்த வருடங்களில் அதற்கு நிகர் வேறில்லை. வில்லோடு முதல்முறை போகிறவர் ஆகஸ்டைத் தவிர்ப்பது நல்லது, தேடும் இரவுகள் வெப்பமானவை. கிழமையில் ஏழு நாளும் வேண்டாம், வானிலை பார்த்து இரண்டிரண்டு நாளாக ஓடிப் போய்வர முடியும் என்பவருக்கு செப்டெம்பர். குளிர்முகம் கடந்த இரண்டாவது பின்னேரத்தைப் பிடிக்க அவரால்தான் முடியும்.

ஆகஸ்டுக்கும் செப்டெம்பருக்கும் இடையில் தவிப்பவர் பரலிலுள்ள கமெராவின் கடைசிப் பத்து நாளைப் பார்க்கட்டும். சுடக்கூடிய வெளிச்சம் இருக்கையில் வந்த படம் மூன்றில் ஒரு பங்காவது இருந்தால் உடனே போகலாம். எல்லாம் நள்ளிரவுப் படங்களென்றால் தீனியைக் குறைத்து, இரவு வெப்பம் 8 பாகைக்குக் கீழே இறங்கும்வரை அந்த இடத்தை ஆறப்போட வேண்டும்.